ஒரு நூல் ஆட்டம்

கிளட்ச் பிளேட்டு கருகிப் போயிருக்கு. கவரைக் கழட்டாமயே சொல்லுவேன், வண்டி வந்து நிக்கறதுக்கு முன்னாடியே வாசம் வந்துருச்சு, அடிப்பிடிச்ச கஞ்சி மாதிரி ஒரு வாசம், இருபத்தேழு வருசமா இதையே மோந்த மூக்கு இது, பொய் சொல்லாது. தவமணி சிஸ்டர் ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள, "பிளேட்டு போயிருச்சுங்க சிஸ்டர்"னு சொல்லிட்டேன். "பத்து நாளைக்கு முன்ன நீங்க போட்ட பிளேட்டுதானுங்கண்ணா"ன்னாங்க. கோவமா சொன்னாக்கூடப் பரவால்ல, நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு வேலையைப் பார்ப்பேன். இந்தம்மா நர்சு, பச்சைப் புள்ளைக்கு ஊசி போடற மாதிரி மெதுவா சொல்றாங்க, அதுதான் சுருக்குன்னு ஏறுது. நேத்துக் காலையில மலை ஏறும்போது இருபத்தி மூணாவது வளைவுல, முதல் கியர்ல முறுக்கறாங்களாம், இன்ஜின் கத்துதாம், வண்டி நகரலையாம். நகராம நின்னாப் போதாதா, பின்னால உருள ஆரம்பிச்சுருச்சாம். பின்னாடி பஸ்ஸு. டிரைவரு புண்ணியவான் பிரேக்கை மிதிச்சான், இவங்க காலை ஊனி வண்டியைத் தடுப்புச் சுவரு மேல சாய்ச்சுட்டாங்க. "பஸ்ஸுக்கும் எனக்கும் இவ்வளவுதானுங்கண்ணா இருந்துச்சு"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாங்க. நான் அந்தக் கையைப் பார்க்காம டூல்ஸ் பெட்டியைப் பார்த்தேன். "நீங்க பாதி கிளட்ச்சைப் பிடிச்சுட்டே ஏத்தறீங்களோ என்னமோ"ன்னேன். "ஒம்பது வருசமா அதே மலையில ஓட்டறனுங்க." அதுவும் சரிதான். கொல்லிமலைக்கு எழுபது வளைவு, தினம் ஏறி இறங்கற பொம்பளைகிட்டப் போயி ஓட்டறது எப்பிடின்னு நான் பாடம் எடுக்கறதாக்கும். இன்னைக்குப் புதன்கிழமை, மேல தடுப்பூசி நாளு, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எந்தெந்தக் காட்டுக்குள்ளிருந்தோ நடந்து வருவாங்களாம், பத்தரைக்குள்ள போயாகணுமாம். இப்ப மணி எட்டே கால். எனக்குத் தாராளம். "உக்காருங்க சிஸ்டர், ஒம்பதரைக்குக் கையில குடுக்கறேன்"னேன். காளப்பநாயக்கன்பட்டியில இப்பிடி மணி சொல்லி வண்டி குடுக்கறவன் இந்த வீரமலை ஒருத்தன்தான், வேற எவனாச்சும் இருந்தா வரச் சொல்லுங்க பார்ப்போம்.

ஆயிலை இறக்க வேண்டியதில்ல, வண்டியை இடது பக்கமாப் படுக்கப் போட்டா வலது பக்கத்துக் கவரை அப்பிடியே கழட்டிரலாம், அரை மணி நேரம் மிச்சம். படுக்கப் போடும்போது ஹேண்டில் பார் கையில இருந்து கொஞ்சம் வழுக்குச்சு. கிரீஸ். துணியில துடைச்சுக்கிட்டேன். கிக்கரை உருவி, எட்டு போல்டை இளக்கி, கவரை ரெண்டு தட்டு தட்டினா வந்துருச்சு, பேக்கிங் கிழியாம வந்துச்சு பாரு, அதுதான் கை வேலை. நாலு ஸ்பிரிங்கு, மூடி, அடுக்கு. வெளிய எடுத்து சிஸ்டர்கிட்டக் காட்டினேன். "பாருங்க, எப்பிடிக் கருகிருக்கு." கரித்துண்டு மாதிரி இருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிக்கறதுதான் இந்தப் பிளேட்டுங்களுக்கு இருக்கற ஒரே வேலை, லிவரை அமுக்கினா விடணும், விட்டாப் பிடிக்கணும், அவ்வளவுதான், புருசன் பொண்டாட்டி மாதிரி. விடாமப் பிடிச்சா கியர் விழாது, பிடிக்காம வழுக்கினா வண்டி ஏறாது. வழுக்கி வழுக்கித் தேஞ்சு சூடாகிக் கருகிருக்கு. ஏன் வழுக்குச்சு? ஆயிலு தப்பா ஊத்தினா வழுக்கும், நான் ஊத்தினது சரியான ஆயிலு, டப்பா இன்னும் அங்கதான் கிடக்குது. ஸ்பிரிங்கு தளர்ந்தா வழுக்கும், நாலையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பார்த்தேன், ஒரே உசரம். ஓட்டற ஆளு சரியில்லைன்னா வழுக்கும், ஆளைப் பத்திதான் சொல்லியாச்சு. கேபிளு இழுத்துப் பிடிச்சுட்டே இருந்தா வழுக்கும், கேபிளை வெச்சவன் நானு, அதைப் பார்க்க வேண்டியதில்ல. அப்ப மிச்சம் என்ன, பிளேட்டுதான். மட்டமான பிளேட்டு. நாமக்கல் ஸ்பேர்ஸ் கடைக்காரன் ஏமாத்தறான். போன வாரமே போன்ல பிடிச்சு வாங்கு வாங்குனு வாங்கினேன், பால்காரர் பெரியண்ணன் வண்டிக்குப் போட்டதும் இதே மாதிரிக் கருகுச்சு, மேல பள்ளிக்கூடத்துக்குப் போற சிதம்பரம் வாத்தியார் வண்டிக்குப் போட்டதும் கருகுச்சு. அவன் என்ன சொன்னான் தெரியுமா, அந்தப் பய, "அண்ணே, இதே பிளேட்டை எங்கிட்ட அம்பது மெக்கானிக் வாங்கறாங்க, உங்க ஒருத்தருக்குத்தாண்ணே கருகுது"ன்னான். வாயைப் பாரேன். எனக்கு மட்டும் கருகுதாம். நான் அடுப்புலயா வெச்சேன். போனைக் கட் பண்ணிட்டேன், பொறவு அவன் கூப்பிட்டும் எடுக்கல, நேரா சேலத்துல இருந்து கம்பெனி பிளேட்டே வரவழைச்சுட்டேன். அம்பது பேரு வாங்கறாங்களாம். வாங்கட்டும். அம்பது பேருக்கும் கருகாம எனக்கு மட்டும் எப்பிடிடா கருகும்?

புதுப் பிளேட்டை ஆயில்ல ஊறப் போட்டேன். ஊறினாத்தான் முதல் நாளே கருகாம இருக்கும், இதெல்லாம் அவசரக்காரனுக்குத் தெரியாது, உலர்ந்த பிளேட்டை அப்பிடியே சொருகி அனுப்பிருவான். அந்த நேரத்துல கவருக்குள்ள ஒட்டியிருந்த கரியைச் சுரண்டித் துடைச்சேன். சிஸ்டர் பெஞ்சுல உக்காந்து ஒரு நோட்டுல ஏதோ எழுதிட்டிருந்தாங்க, அப்பப்பக் கையிக் கடிகாரத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்க்கல. டீ வந்துச்சு. வலது கையில துணி இருந்துச்சு, இடது கையில வாங்கினேன், வாங்கினதும் கிளாஸு கீழ போயிருச்சு. "ஆயில் கைங்க"ன்னேன். யாரும் கேக்கல, நானா சொன்னேன். டீக்கடைக்காரரு இன்னொரு கிளாஸு வெச்சுட்டுப் போனாரு. ஆயில் கைதான். இருபத்தேழு வருசமா ஆயில் கைதான், அப்பல்லாம் விழுகலையே. அட, கிளாஸு விழறதெல்லாம் ஒரு சேதியா? என் பொண்டாட்டி அத்தாயி இப்பிடித்தான் சும்மா எதையாச்சும் பிடிச்சுக்குவா, காலையில சட்டைப் பொத்தான் போடறேன், ரெண்டாவது பொத்தானுக்குள்ளயே கையி தடவிட்டு நிக்குது, வந்து போட்டுவிட்டா, போட்டுவிட்டுட்டுச் சும்மா போக வேண்டியதுதான, "கொஞ்ச நாளா இப்பிடித்தான் இருக்கறீங்க, விடியக்காலம் கையை உதறிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துக்கறீங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க"ங்கறா. "புதுச் சட்டைடி, ஓட்டை சின்னது"ன்னேன். "தீபாவளிக்கு எடுத்த சட்டைங்க, இப்ப ஆனி"ங்கறா. எதுக்கெடுத்தாலும் ஒரு பதிலு வெச்சிருப்பா. கையி மரத்துப் போறதெல்லாம் தலைக்கு அடியில வெச்சுப் படுக்கறதுனால. எங்கண்ணனுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது, காலு மரமரன்னு இருக்குதுன்னான், செருப்பு நழுவுனது தெரியாம நடந்தான், பொறவு சக்கரைன்னாங்க, பொறவு ரெண்டு விரலை எடுத்தாங்க. அவனுக்குக் காலு. எனக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கையி வேற, காலு வேற. கையில விரலை எடுத்துட்டா. சீ, என்ன நினைப்பு இது காலங்காத்தால. பிளேட்டு ஊறிருச்சு. வேலையைப் பாருடா வீரமலை.

ஒண்ணு மாத்தி ஒண்ணு, ஒட்டுப் பிளேட்டு, இரும்புப் பிளேட்டு, ஒட்டு, இரும்பு, அடுக்கும்போது மனசு அப்பிடியே அடங்கிரும் எனக்கு, சாமி கும்பிடறப்பக்கூட அப்பிடி அடங்காது. ஸ்பிரிங்கு போல்டை எதிரும் புதிருமா முடுக்கணும், ஒரே பக்கம் முடுக்கினா மூடி கோணிக்கும். மூணாவது போல்டை இடது கையி விரல்ல பிடிச்சுப் புரி ஏத்தப் பார்த்தேன், விரலுக்குள்ள போல்டு இருக்குதுன்னு நினைச்சுட்டுத் திருகறேன், பார்த்தா அது கவருக்குள்ள கிடக்குது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாங்களா, இல்ல எனக்குத்தான் அப்பிடித் தோணுச்சா. எடுத்து வலது கையில ஏத்திட்டேன். கவரை மூடி, எட்டு போல்டும் முடுக்கி, கிக்கரை மாட்டி, வண்டியை நிமிர்த்தினேன். மணி ஒம்பது பத்து. பார்த்தீங்களா, சொன்ன நேரத்துக்கு இருபது நிமிசம் முன்னாடி. இனி கேபிள் ஒண்ணுதான், அது எனக்குச் சோறு திங்கற மாதிரி. லிவர் அடியில, அது போயி முட்டற இடத்துல, ஒரு நூல் ஆட்டம், அரைக்கால் இஞ்ச், இருக்கணும். அமுக்கினா முதல்ல ஒரு நூல் தூரம் சும்மா வரணும், பாரமே இல்லாம, பொறவுதான் ஸ்பிரிங்கு பிடிக்கணும். அந்த ஒரு நூல் இல்லைன்னா கேபிள் எந்நேரமும் பிளேட்டை இழுத்துட்டே இருக்கும், நம்ம கையெடுத்தாலும் பாதி கிளட்ச் அமுக்கின கணக்குதான். மத்த பயலுக ஸ்கேல் வெச்சு அளப்பானுக. நான் இடது கையி ரெண்டு விரல்ல லிவரைத் தொட்டுக்கிட்டு, ரோட்டுல போற வர்ற ஆளைப் பார்த்துப் பேசிக்கிட்டே, வலது கையில அட்ஜஸ்டரைத் திருகிட்டு வருவேன், ஒரு நூல் வந்ததும் விரலே சொல்லிரும். என்கிட்டக் கிளட்ச் வெச்சுட்டுப் போனவன் இன்னொருத்தன்கிட்டப் போனதே கிடையாது. இப்பவும் அப்பிடித்தான், விரலை வெச்சேன், லிவர் ரொம்ப லூசா இருந்துச்சு, நாலு சுத்து முடுக்கினேன், இன்னும் லூசு, இன்னும் ரெண்டு சுத்து, ஆங், இப்ப வந்துருச்சு, ஒரு நூலு. லாக் நட்டை இறுக்கி, "ஏறுங்க சிஸ்டர், மலை உங்களுது"ன்னேன். சிஸ்டர் நோட்டைப் பையில வெச்சு, ஏறி உக்காந்து, ஸ்டார்ட் பண்ணாம கிளட்ச்சை மட்டும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாங்க. இன்னொரு தடவை அமுக்கினாங்க. இறங்கிட்டாங்க.

"ஏனுங்கண்ணா, போன தடவை குடுத்த மாதிரியேதானுங்க இருக்குது."

"எப்பிடி?"

"விறைப்பா. எடுத்ததுமே கனமா இருக்குது. பழைய பிளேட்டுல இப்பிடி இல்லீங்க. முதல்ல கொஞ்சம் சும்மா வரும், பொறவுதான் கனக்கும்."

"புதுப் பிளேட்டுன்னா அப்பிடித்தானுங்க இருக்கும், போகப் போக விட்டுக் குடுத்துரும்"னு வாயி சொல்லிருச்சு. வாயிக்கு என்ன, இருபத்தேழு வருசமா ஆளுங்களை அனுப்பி வெச்ச வாயி, அதுக்கு நான் வேண்டியதில்ல. ஆனா புதுப் பிளேட்டுக்கும் லிவர் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே பொய் சொல்லிட்டு நிக்கறேன். திரும்ப விரலை வெச்சேன், இடது கையி, ரெண்டு விரலு. ஆட்டம் இருக்குது. ஒரு நூலு, கணக்கா இருக்குது. இந்தம்மாவுக்கு என்ன தெரியும், ஊசி பிடிக்கற கையி. அப்பறம் ஏனோ, ஏன்னு தெரியல, வண்டியைச் சுத்தி அந்தப் பக்கம் போயி, குனிஞ்சு, வலது கையில அதே லிவரைத் தொட்டேன். ஆட்டம் இல்லை. ஒரு நூல் இல்லை, அரை நூல் இல்லை, ஒண்ணுமே இல்லை, தொட்ட உடனே ஸ்பிரிங்கு வந்து விரலைத் தள்ளுது, கல்லு மாதிரி நிக்குது. இடது கையி. இருக்குது. வலது கையி. இல்லை. ஒரே லிவரு, ரெண்டு கையி, ரெண்டு சேதி. எது பொய் சொல்லுது? எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பிடியே ஸ்டூல் மேல உக்காந்துட்டேன். லிவர் லூசா இல்லைடா, உன் விரலுதான் லூசு, ஸ்பிரிங்கு பிடிக்கறது உன் விரலுக்கு எட்டவே இல்ல, எட்டற வரைக்கும் முடுக்கு முடுக்குனு முடுக்கிருக்கற. பிளேட்டு நல்ல பிளேட்டு. அம்பது பேருக்குக் கருகாதது எனக்கு ஏன் கருகுச்சுன்னு இப்ப தெரியுதா. அந்தக் கடைக்காரனை எப்பிடிப் பேசினேன், அவனோட அப்பனையெல்லாம் இழுத்துப் பேசினேனே. பெரியண்ணன் வண்டிக்கு ரெண்டாவது தடவையும் புதுப் பிளேட்டு போட்டு, ரெண்டாவது தடவையும் இதே விரலை வெச்சுத்தான் முடுக்கினேன். வாத்தியாரு மலை ஏறிட்டிருப்பாரு இந்நேரம். கையி மரக்க ஆரம்பிச்சது பொங்கல்ல, அதுல இருந்து எத்தனை வண்டி? சமதரையில ஓடற வண்டி ஒண்ணும் சொல்லாது, ஓட்டிப் பார்த்தா நல்லாத்தான் போகும், நானும் ஓட்டிப் பார்த்துத்தான் குடுத்தேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும், சமதரையில. பாரம் ஏறினாத்தான் காட்டும். வளைவுலதான் காட்டும். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாங்களே, அவ்வளவுதான் இருந்துச்சுன்னு. அவ்வளவுதான். அந்த இடத்துல நான் இல்ல, ஆனா அங்க வண்டியைப் பின்னால உருட்டி விட்டது என் ரெண்டு விரலு.

சரி, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல, பேசாம வலது கையில வெச்சுச் சரி பண்ணிக் குடுத்தாப் போச்சு. மட்டப் பிளேட்டு, கம்பெனி பிளேட்டு மாத்தியாச்சு, கதை தயாராத்தான் இருக்குது, அவங்களும் நம்பிட்டுப் போயிருவாங்க. யாருக்குத் தெரியப் போகுது. இனிமே வலது கையில பார்த்துக்கலாம். வலது கையில எத்தனை நாளைக்கு? அதுவும் ஒரு நாள் இப்பிடியே, சொல்லாமக் கொள்ளாம. எனக்கே தெரியாமத்தான போச்சு இதுவும். வீரமலைக்குக் கையி போச்சாம்னு ஒரு பேச்சு கிளம்பினா எதுத்தாப்புல புதுசா மெக்கானிக் கடை போட்டிருக்கறவன் வாசல்ல மாலை போட்டு நிப்பான். வேற என்ன தெரியும் எனக்கு? ஒண்ணும் தெரியாது. பயமா இருக்குது. ஆமா, பயம்தான், சொல்றதுக்கு என்ன. ஆனா இதையும் சொல்லணும், பயம் பயம்னு மனசு அடிச்சுக்கிட்டாலும் வலது கையி அது பாட்டுக்கு லாக் நட்டை இளக்கிட்டிருந்துச்சு. அட்ஜஸ்டரை உள்ள ஏத்தி, லிவரைத் தொட்டு, இன்னும் கொஞ்சம், தொட்டு, இன்னும் கொஞ்சம், அந்த ஒரு நூல் வந்து விரலுக்குள்ள உக்காந்துச்சு பாரு, அடடா, எத்தனை மாசமாச்சு இதைத் தொட்டு, இதுதான், இதேதான். வேலை எனக்கு மறக்கல. வேலை அப்பிடியே இருக்குது, சேதி வர்ற வழிதான் அடைஞ்சிருக்குது. "இப்ப அமுக்குங்க சிஸ்டர்"னேன். அமுக்கினாங்க. முகம் மாறிருச்சு. "ஆமாங்கண்ணா, இப்பிடித்தானுங்க இருக்கும்." இருந்தாலும் நான் விடல, முன் வீலைச் சுவத்துல முட்ட வெச்சு, ஸ்டார்ட் பண்ணி, மூணாவது கியரைப் போட்டு, முறுக்கிக்கிட்டே கிளட்ச்சைப் படக்குன்னு விட்டேன். இன்ஜின் டக்குன்னு அடங்கி நின்னுச்சு. பிளேட்டு வழுக்கினா நிக்காது, கத்திக்கிட்டே இருக்கும். நின்னுச்சு. கவ்விப் பிடிச்சு நின்னுச்சு. மலை என்ன மலை, இனி சுவத்துலயே ஏறலாம் இந்த வண்டியில. அந்தச் சந்தோசத்துலதான் வாயி வந்துருச்சுன்னு நினைக்கறேன். "சிஸ்டர், பிளேட்டு மேல தப்பில்லீங்க. நீங்க ஓட்டுனதுலயும் தப்பில்ல. நான்தான் முடுக்கி வெச்சுட்டேன். என் கையிக்கு ஆட்டம் தெரிய மாட்டேங்குதுங்க, இந்தக் கையிக்கு. நேத்து உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா." வாத்தியாருக்கும் பெரியண்ணனுக்கும் போன் பண்ணி வண்டியை நிறுத்தச் சொல்லணும், அந்தக் கடைக்காரனுக்கும் பண்ணணும், அது வேற பாடு, வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்.

சிஸ்டர் கோவிச்சுக்கல. கடிகாரத்தைப் பார்த்தாங்க, பையைத் திறந்து கர்ப்பிணிங்களுக்கு விரல் நுனியில குத்தி ரத்தம் எடுக்கற பொடி ஊசி ஒண்ணை உறையோட எடுத்தாங்க. "அந்தக் கையைத் துடைச்சுட்டு இப்பிடி நீட்டுங்கண்ணா. அந்தப் பக்கம் திரும்பி ரோட்டைப் பாருங்க. குத்தினா சொல்லுங்க." "உங்களுக்கு நேரமாகுதுங்க சிஸ்டர்." "நீட்டுங்க." நீட்டினேன். பஞ்சுல துடைச்ச ஈரம் மணிக்கட்டு வரைக்கும் சில்லுன்னு இருந்துச்சு. ரோட்டுல ஒரு லாரி மரவள்ளிக் கெழங்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டிருந்துச்சு. சுண்டு விரல்ல சுரீர்னு குத்தினாங்க பாரு, "யம்மா!"ன்னு கத்திட்டேன், எதுத்தாப்புல கடை போட்டவன் எட்டிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. அட, நல்லாத்தான் இருக்குது கையி! எங்கண்ணனுக்குக் கட்டையில அடிக்கற மாதிரி இருந்துச்சாம், எனக்கு உச்சி வரைக்கும் ஏறுதே, சும்மா நானாத்தான் பயந்துட்டேன். "பார்த்தீங்களா சிஸ்டர், நல்லா தெரியுதுங்க, ஒண்ணுமில்ல, தூங்கும்போது அடியில வெச்சுப் படுக்கறதுதான்." லாரி போயி தூசி அடங்கிருச்சு. இந்தம்மா எதுக்கு இப்பிடி விரலை விரலைப் பிடிச்சுட்டே நிக்கறாங்க, பாவம், கத்தினதுல பயந்துட்டாங்களாட்ட இருக்குது.

"பயப்படாமக் குத்துங்க சிஸ்டர், இனி கத்த மாட்டேன். அடுத்தது கட்டை விரலா? குத்துங்க."

"குத்திட்டனுங்கண்ணா. மூணு விரலுலயும்."